எம்.ஆர்.ஐ.யும் ‘டாக்டர்’ லாட்டர்பரும்

“எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்காக நோபல் பரிசு வாங்கிய டாக்டர் பால் லாட்டர்பர் ஒரு மருத்துவர்” என்று ஒரு தகவல் சுற்றி வருகிறது. தவறு. அவர் மருத்துவம் படித்தவரே அல்ல. அந்த ‘டாக்டர்’, 1962இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதியியலுக்காகப் பெற்ற முனைவர் பட்டம்.

அவருடைய முதல் வேலையும் தொழில்துறை ஆய்வகத்தில்தான்: டவ் கார்னிங் என்ற வேதிப்பொருள் கம்பெனிக்காக மெல்லன் ஆய்வு நிறுவனத்தில் சிலிக்கோன் ரப்பர் ஆராய்ச்சி! 1963இல் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் வேதியியல் இணைப் பேராசிரியரானார். காந்தப்புலத்தின் வலிமையை இடத்துக்கு இடம் சீராக மாற்றினால், அதில் வைத்த பொருளின் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞை எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறியலாம் என்பது 1971இல் அவருக்குத் தோன்றிய யோசனை. ‘நேச்சர்’ இதழ் முதலில் நிராகரித்து, பிறகு 1973இல் வெளியிட்ட கட்டுரையில் இருந்த படம் நோயாளியுடையது அல்ல. தண்ணீர் நிரப்பிய இரண்டு மெல்லிய கண்ணாடிக் குழாய்கள்.

1985இல் இலினாய் பல்கலைக்கழகத்துக்கு, அதன் மருத்துவக் கல்லூரிப் பதவிக்குப் போனார். 2003இல் அவருடன் மருத்துவ நோபலைப் பகிர்ந்துகொண்ட பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் மருத்துவர் அல்ல, இயற்பியலாளர்.

குழப்பம் ரேமண்ட் டமேடியனால் வந்திருக்கலாம். புற்றுத் திசுவின் காந்த அதிர்வுச் சமிக்ஞை வேறுபடுவதை 1971இல் காட்டிய அவர் நிஜமாகவே மருத்துவர். நோபல் அவருக்குக் கிடைக்கவில்லை. அதனால் எழுந்த சண்டை தனிக்கதை.