பன்னிரண்டு உளி எதுக்குத் தம்பி?

போன ஞாயிறு காலை, வியாசர்பாடியில் எங்கள் பட்டறைக்கு எதிர் வீட்டுத் தம்பி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆன்லைனில் வாங்கினானாம். திறந்தால் உள்ளே பன்னிரண்டு உளி, சீர்வரிசைத் தட்டு மாதிரி அடுக்கி வைத்திருந்தது. "நல்ல செட்டாண்ணா?" என்றான். ஒன்றை எடுத்து முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். வெண்ணெய் வெட்டலாம், அதுவும் வெயிலில் வைத்த வெண்ணெயாக இருந்தால். அவன் முகம் வாடிவிட்டது. "உளி மோசமில்லப்பா, தீட்டணும், அவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் மனசில் இருந்ததை முழுசாகச் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீட்டில் ஸ்டூல், அலமாரி செய்து பார்க்க நினைப்பவருக்கும், எங்களைப் போல் கதவு ஜன்னலோடு பிழைப்பவருக்கும் மூன்று உளி போதும். கால் இஞ்சு, அரை இஞ்சு, ஒரு இஞ்சு. இப்போது கடையில் 6, 12, 25 மில்லி மீட்டர் என்று வரும், கிட்டத்தட்ட அதேதான். இது ஏதோ ராசியான எண் என்று சொல்லவில்லை. கழுந்து, அதாவது ஒரு சட்டத்தின் முனையை நாக்கு மாதிரி சீவி இன்னொரு சட்டத்தின் துளைக்குள் செருகுவது, வைக்கும்போது சட்டத்தின் கனத்தை மூன்றாகப் பிரித்து நடுப்பங்கைத் துளைக்கு விடுவது வழக்கம். வீட்டுக் கதவுச் சட்டம் பெரும்பாலும் ஒன்றரை இஞ்சு கனம். மூன்றில் ஒன்று அரை இஞ்சு. டிராயர், சின்ன ஸ்டூல் எல்லாம் முக்கால் இஞ்சுப் பலகை. அதில் மூன்றில் ஒன்று கால் இஞ்சு. துளை எந்த அகலமோ அந்த அகல உளி. ஒரு இஞ்சு உளி கீல் பதிக்கவும், கழுந்தின் தோளைச் சீவவும். மற்ற ஒன்பதும் பெட்டியிலேயே துருப்பிடிக்கும்.

இதில் அரை இஞ்சு மட்டும் கெட்டியாக, பக்கவாட்டில் நேர்ச்சதுரமாக இருக்கட்டும், துளையில் அதிகம் அடிவாங்கப் போவது அதுதான். மற்ற இரண்டும் பக்கங்கள் சரிவாகச் சீவியவை. டவ்டெயில், அதாவது புறா வால் மாதிரி விரியும் பல்லைக் கோத்துச் செய்யும் இணைப்பு, அதன் மூலைக்குள் நுழைய அந்தச் சரிவு வேண்டும்.

அப்பா ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். ஆலையின் பர்னிஷிங் பிரிவில் கார்பென்டர். ரயில் பெட்டிக்குள் மரவேலை நிறைய இருந்த காலத்தில் சேர்ந்தவர். சம்பள நாளில் சென்ட்ரல் பக்கம் இறங்கி மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடைகளை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். 1985 தீ விபத்துக்கு முன்னால் அங்கே கிடைக்காத பொருளே இல்லை. அங்கே பேரம் பேசி வாங்கிய ஷெஃபீல்டு உளி ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. தீட்டித் தீட்டி விரல் நீளத்துக்கு வந்துவிட்டது. பழைய உளி என்றால் உசத்தி என்று சிலர் அலைகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்பா வாங்கியவற்றில் பாதி உருப்படவில்லை, அதை அவரே சொல்வார். நல்ல இரும்பாக இருந்தால் புதுசும் நிற்கும்.

கடையில் பிராண்டைப் பார்ப்பதற்கு முன் உளியைக் குப்புறத் திருப்புங்கள். சரிவு இல்லாத அந்தப் பின்முகத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். ஸ்கேலுக்குக் கீழே வெளிச்சம் தெரிந்தால் குழி. லேசான குழி பரவாயில்லை, முனையை ஒட்டிய ஒரு இஞ்சு தட்டையாக இருந்தால் போதும். நடு உப்பியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள், அதைத் தேய்த்துத் தட்டையாக்குவதற்குள் ஒரு வாரம் போய்விடும். அப்புறம் பிடியும் தகடும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். மரப்பிடி என்றால் தலையில் இரும்புப் பூண் இருக்கட்டும்.

மிச்சப்படும் காசைத் தீட்டும் கல்லில் போடுங்கள். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசு என்று வரும் கார்பொரண்டம் கல். அந்தப் பேரைத் தாங்கிய கம்பெனி 1954இல் தொடங்கியது. ஆலை நம்ம திருவொற்றியூரில்தான், ஆனாலும் கல் வாங்கச் சொன்னால் பையன்கள் ஜப்பான் கல்லைத் தேடுகிறார்கள்! முதலில் பின்முகத்தைத் தட்டையாக்க வேண்டும். இதை ஒருமுறை செய்தால் போதும், ஆனால் முழுசாகச் செய்ய வேண்டும். பிறகு சரிவு, 25 டிகிரியில். கடைசியாகக் கையைக் கொஞ்சம் தூக்கி 30 டிகிரியில் நாலைந்து இழுப்பு. கல்லில் நாலு சொட்டு எண்ணெய். பின்முகத்தில் விரலை முனைநோக்கி நகர்த்தினால் ஒரு பிசிர் தட்டுப்படும், அகலம் முழுக்க. அது தட்டுப்பட்டால்தான் முனைவரை கல் பட்டிருக்கிறது என்று அர்த்தம். பின்முகத்தைக் கல்லில் படுக்கவைத்து அந்தப் பிசிரை எடுத்துவிட்டு, பழைய பெல்ட் தோலில் பத்து இழுப்பு. முழங்கை மயிரைச் சிரைத்துக் காட்டுவது வேடிக்கை. மாங்கட்டையின் வெட்டுமுகத்தில், நார் குறுக்கே நிற்கும் இடத்தில், சீவிப் பாருங்கள். பிய்யாமல் பளபளவென்று வந்தால் சரி.

கல் நடுவில் குழிந்துபோனால் உளியின் முனையும் வளைவாக வரும். அதற்கும் புதுக் கல் வாங்க வேண்டாம். கடப்பா கல்லில் மணலையும் தண்ணீரையும் போட்டுத் தீட்டும் கல்லைக் கவிழ்த்துத் தேயுங்கள், தட்டையாகிவிடும். எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் மேடை அப்படித் தேய்ந்ததுதான். வீட்டம்மா இன்னும் மன்னிக்கவில்லை.

அவசரத்துக்கு மோட்டார் சாணை பிடிக்கக் கொடுத்து ஒருமுறை நான் அழுதிருக்கிறேன். திரும்பி வந்த உளியின் முனையில் மயில்கழுத்து நீலம். சுமார் 300 டிகிரி சூடேறினால்தான் அந்த நிறம் வரும். வந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது, இனி அங்கே முனை நிற்காது. நீலம் ஏறிய அளவைத் தேய்த்துக் கழித்தேன். கால் இஞ்சு போச்சு. சக்கரத்தில்தான் பிடிக்க வேண்டும் என்றால் பக்கத்தில் தண்ணீர் வாளி, நொடிக்கொரு முக்கு.

உளியை அடிக்கும் மரச் சுத்தியலுக்கு, கொட்டாப்புளிக்கு வருவோம். மரப்பிடி உளியை இரும்புச் சுத்தியலால் அடிப்பவரைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வயிறு எரியும். பிடியின் தலை பூவாக விரியும், அப்புறம் பிளக்கும். தலையில் இரும்பு வைத்த பிளாஸ்டிக் பிடி என்றால் சுத்தியல் தாங்கும், சரி. ஆனாலும் கொட்டாப்புளிக்கு இன்னொரு சௌகரியம் உண்டு. சுத்தியலின் முகம் ஒரு இஞ்சு, இதன் முகம் மூன்று இஞ்சு. அடி எங்கே விழுகிறது என்று பிடியைப் பார்க்க வேண்டியதில்லை, கண் உளியின் முனையிலேயே இருக்கும்.

இதைக் காசு கொடுத்து வாங்காதீர்கள், செய்துகொள்ளுங்கள். மரம் புளி. கறிக்கடையில் வருஷக்கணக்காகக் கத்தி வாங்கியும் பிளக்காமல் நிற்கிறதே, அந்த மரம். என்னுடையது நிஜமாகவே கறிக்கடைக் கட்டைதான். புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிப் பக்கம் ஒரு பாய், நடு குழிந்துபோன கட்டையை மாற்றியபோது கேட்டு வாங்கினேன். "இதுல என்னா செய்வே?" என்று சிரித்தார். மூன்று மாதம் மொட்டைமாடியில் காயவைத்தேன். அந்த மூன்று மாதமும் தெருப் பூனைகள் அத்தனையும் எங்கள் மாடியில்தான். குழியாத ஓரத்தை அறுத்தபோது சாக்லேட் நிறத்தில் வைரம் பாய்ந்த கட்டை வந்தது. ரம்பம் இரண்டு முறை மழுங்கியது.

எடை அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ. அதற்கு மேல் போனால் சாயங்காலம் மணிக்கட்டு சொல்லும். அடிக்கிற இரண்டு முகத்தையும் நேர்குத்தாக அறுக்கக் கூடாது. கை முழங்கையிலிருந்து வட்டமாகத்தானே வருகிறது? அதனால் தலை மேலே நீளமாக, பிடிப்பக்கம் கொஞ்சம் குறுகலாக இருக்க வேண்டும். இரண்டு முகத்தின் கோட்டையும் கீழே நீட்டினால் முழங்கையில் போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் அடி தட்டையாக விழும். பிடிக்கு வேலங்கட்டை. தலையின் துளை மேலே அகலம், கீழே ஒடுக்கம், பிடியும் அதே வாட்டம். மேலிருந்து செருகினால் வீச வீச இறுகும், கழன்று யார் மண்டையிலும் விழாது.

துளை எடுக்கும்போது புதுசாக வருபவர்கள் எல்லாரும் செய்வது ஒரே தப்பு. கிழித்த கோட்டிலேயே உளியை வைத்து ஓங்கி அடிப்பார்கள். சரிவு முகம் ஆப்பு மாதிரி மரத்தைத் தள்ளும், உளி பின்னால் நகர்ந்து கோட்டைத் தாண்டிவிடும். இறுக்கமாக உட்கார வேண்டிய கழுந்து லொடலொடவென்று ஆடும், அப்புறம் பெவிக்கால் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். கோட்டுக்கு இரண்டு மில்லி உள்ளேயே நிற்க வேண்டும். சரிவு முகம் துளையின் நடுவைப் பார்க்கட்டும். கொஞ்சம் அடி, கொஞ்சம் நெம்பு, சில்லை எடு. பாதி ஆழம் போனதும் மரத்தைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து அடி. கோட்டைத் தொடுவது கடைசிச் சீவலில்தான், அதுவும் கொட்டாப்புளி இல்லாமல் கை அழுத்தத்தில். தேக்கு என்றால் நடுவே ஒருமுறை கல்லுக்குப் போய்வருவது நல்லது. அந்த மரத்திலேயே சிலிக்கா இருக்கிறது, முனையைத் தின்னும்.

தரையில் உட்கார்ந்து, காலால் மரத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வது நம் ஊர்ப் பழக்கம். நானும் அப்படித்தான். வலது தொடையில் ஒரு இஞ்சுத் தழும்பும் இருக்கிறது, சரியாக ஒரு இஞ்சு உளியின் அகலம். வீட்டில் செய்து பார்ப்பவர்கள் ஒரு கிளாம்ப் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு கையும் முனைக்குப் பின்னாலேயே இருக்கட்டும்.

இன்னொரு வயிற்றெரிச்சல். ஒரு பிளைவுட் வேலையில் கூட இருந்த பையன் என் அரை இஞ்சு உளியால் பெயின்ட் டப்பாவைத் திறந்தான். நான் பார்த்ததும் "கூர்மையாத்தான்ணா இருந்துச்சு" என்றான். இருந்தது! முனையில் பல்லுப் போன அந்த உளியைச் சரிசெய்ய ஒரு சாயங்காலம் போனது.

கடைசியாகத் துரு. நம் பக்கம் கடல் காற்று, எதை வைத்தாலும் பொரிந்துவிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர். உளிப்பை இரண்டு நாள் மூழ்கிக் கிடந்தது. மண்ணெண்ணெய், உப்புத்தாள் என்று தேய்த்து மீட்டேன், ஒன்று மட்டும் தேறவில்லை. இப்போது வேலை முடிந்ததும் மெஷின் ஆயில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு, அப்புறம் சுவரில் ஆளுயரத்துக்கு மேலே தொங்கல்.

எதிர் வீட்டுத் தம்பி இந்த ஞாயிறு வருகிறான். பன்னிரண்டில் மூன்றை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், கல் என்னுடையது. கறிக்கடை பாயும் கட்டை மாற்றும்போது போன் பண்ணுவதாகச் சொன்னார். ஒரு கட்டையில் இரண்டு கொட்டாப்புளிதான் தேறும், ஒன்று தம்பிக்கு. இன்னொன்று வேண்டுமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். மொட்டைமாடியும் பூனையைப் பொறுத்துக்கொள்ளும் குடும்பமும் உங்களிடம் இருக்க வேண்டும்.