அவர்கள் அலையவில்லை

நேற்று மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வேட்டையாடி, காய் கிழங்கு சேகரித்து வாழ்ந்த மக்கள் ஏன் நாடோடிகளாக இருந்தார்கள் என்று கேள்வி. "உணவு தேடி அலைந்து திரிந்ததால்" என்று தடங்கல் இல்லாமல் ஒப்பித்தாள். அந்த 'அலைந்து திரிந்து' இன்னும் மனதில் முள்ளாகக் குத்துகிறது. எங்கே போகிறோம் என்று தெரியாதவன்தானே அலைவான்? அவர்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.

ஆப்பிரிக்காவின் தெற்கே போட்ஸ்வானா, நமீபியா எல்லையோரம், கலஹாரிப் பாலைவனத்தில் டோபே என்றோர் இடம். அங்கே வாழ்ந்த ஜூஹோவான்சி மக்களிடம் 1963இல் ஆய்வுக்குப் போனார் ரிச்சர்ட் லீ என்ற மானுடவியலாளர். அந்த மக்களுக்குச் சோறு மாதிரி மொங்கோங்கோ கொட்டை. மரங்கள் நிற்பது மணல்மேட்டில். வற்றாத நீர்நிலை இருப்பதோ பல கிலோமீட்டர் தள்ளி. மழைக்காலத்தில் குட்டைகள் நிறைந்தால் மரங்களுக்குப் பக்கத்திலேயே தங்கலாம். குட்டை வற்றினால் பழைய நீர்நிலைக்குத் திரும்ப வேண்டும்.

திரும்பிய இடத்திலேயே இருந்துவிட்டால்? முதலில் கிட்டத்தில் கிடைப்பது தீரும். பிறகு நாளுக்கு நாள் நடை நீளும். இடுப்பில் பிள்ளை, தோளில் கொட்டை நிறைந்த தோல்மூட்டை, புல்லால் வாயடைத்த தீக்கோழி முட்டையோட்டில் தண்ணீர். இந்தச் சுமையோடு ஒரு தாய் தினமும் போகவர இருபது கிலோமீட்டர் நடப்பதைவிட, புல்குடிசையை விட்டுவிட்டு வேறிடத்தில் புதிதாக ஒன்று கட்டிக்கொள்வது எளிது. இதில் அறியாமை எங்கே இருக்கிறது? உணவு தேட அவர்கள் செலவிட்டது வாரத்துக்குச் சுமார் இரண்டரை நாள்தான் என்று லீ கணக்கெடுத்தார். (கொட்டை உடைப்பதும் சமைப்பதும் அதில் சேரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) பூசல் முற்றினாலும் இதே வழிதான்: ஒரு குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு, வேறு நீர்நிலையில் இருக்கும் உறவினரிடம் போய்விடும்.

போகும் நிலமும் கேட்பாரற்ற நிலம் அல்ல. ஒவ்வொரு கூட்டத்துக்கும் 'நோரே' என்று சொந்த நிலம் உண்டு; அடுத்தவர் நிலத்துக்குப் போனால் அனுமதி கேட்க வேண்டும்.

நாடோடிக்கு ஏது நிலம் என்று நினைப்பவர்கள் மத்திய கலஹாரியில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 2002இல் அங்கிருந்த சான் மக்களை (ஜூஹோவான்சியும் சான் மக்களில் ஒரு பிரிவினர்தான்) போட்ஸ்வானா அரசு வெளியேற்றியது. அவர்கள் தண்ணீர் எடுத்த ஆழ்துளைக் கிணற்றையும் மூடியது. வெளியேற்றியது சட்டவிரோதம் என்று 2006இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் தங்கள் மண்ணில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக அவர்கள் 2011 வரை வழக்காட வேண்டியிருந்தது.