கைதை விடக் கனமானது கையெழுத்து
போலீஸ் கமிஷனரின் பெரிய அதிகாரம் ரவுடிகளைக் கைது செய்வதுதான் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். கைது செய்ய ஒரு சப்-இன்ஸ்பெக்டரே போதும். கமிஷனரைத் தனித்துக் காட்டுவது, விசாரணை இல்லாமலே ஒருவரைத் தடுப்புக் காவலில் வைக்க வழிசெய்யும் 1982-ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டம் (பேச்சில் 'குண்டாஸ்'). மாவட்டத்தில் எஸ்.பி. பரிந்துரைக்க, கலெக்டர்தான் உத்தரவிட வேண்டும்; சென்னை, கோவை, மதுரை போன்ற மாநகரங்களில் கமிஷனரே கையெழுத்திடுகிறார். அதாவது கேட்பதும் போலீஸ், கொடுப்பதும் போலீஸ். உத்தரவுக்கான காரணங்களைக் கைதானவரிடம் 5 நாளுக்குள் தர வேண்டும். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் வராவிட்டால் உத்தரவு செல்லாது. காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று ஆராயும் அறிவுரைக் கழகம் 7 வாரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். அதிகபட்சக் காவல் 12 மாதம். இத்தனை இருந்தும் உயர் நீதிமன்றத்தில் உத்தரவுகள் அடிக்கடி ரத்தாவது பெரும்பாலும் கோப்பு வேலையின் அலட்சியத்தால்: எழுத்தே தெரியாத ஜெராக்ஸ், ஆங்கில ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இல்லாமை, காவலில் இருப்பவர் உத்தரவை எதிர்த்துத் தரும் மனுவைப் பரிசீலிக்கக் காரணமில்லாத தாமதம். இன்னொன்று, ஏற்கெனவே சிறையில் இருப்பவர் ஜாமீனில் வந்துவிடுவார் என்று காட்ட, சம்பந்தமே இல்லாத வேறொரு வழக்கின் ஜாமீன் உத்தரவை இணைப்பது. கமிஷனர் மனதைச் செலுத்திப் படித்தாரா என்று நீதிமன்றம் கேட்பது அங்கேதான். அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர் "குண்டாஸ் போட்டால் ஒரு வருஷம் உள்ளே" என்று எழுதியிருக்கிறார். கோப்பு இப்படி இருந்தால், காவல் சட்டப்படி செல்லுமா என்று உயர் நீதிமன்றத்தில் கேட்கும் ஆட்கொணர்வு மனுவிலேயே உள்ளே இருப்பவர் முன்கூட்டி வெளியே வந்துவிடுவார்.