மலைச் சைக்கிள் ஓட்டினா மாசச் சம்பளம் யார் தருவாங்க?

"கவர்ன்மென்ட் வேலைக்காகவே விளையாடுற கூட்டம் நம்ம கூட்டம், அதான் உருப்படலை" என்று ஒரு பதிவு இந்த வாரம் முழுக்க என் டைம்லைனில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கூடவே ஒரு வீடியோ. செம்மண் பாறை உச்சியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் சைக்கிளோடு குதித்து, அந்தரத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டு, கீழே சரிவில் இறங்கி அப்படியே ஓட்டிக்கொண்டு போகிறார். அதற்குக் கீழே "பிடிச்சதையே தொழிலாக்கு, சோறு தானா வரும்" என்று எழுதியிருக்கிறார்கள். பெரம்பூரில் சைக்கிள் சர்வீஸ் கடை வைத்திருப்பவன், டவுன்ஹில் ரேஸை (மலை உச்சியிலிருந்து சைக்கிளில் வேகமாக இறங்குகிற பந்தயம்) வருஷக்கணக்காக போனில் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வீடியோவில் குதிக்கிற ஆளுக்கு ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஒரு நிரந்தர வேலையும் வருஷத்துக்கு ஆறு மாசம் ஸ்போர்ட்ஸ் லீவும் தருகிறோம் என்றால் பாஸ்போர்ட்டைத் தேட ஆரம்பித்துவிடுவார். கொஞ்சம் மிகைதான். ரொம்ப மிகை இல்லை.

ஏன் இதற்கு இவ்வளவு எழுதுகிறேன் என்றால், வியாசர்பாடி, எம்கேபி நகர், கொடுங்கையூர் பக்கமிருந்து கடைக்கு வருகிற பசங்க எல்லாரும் இந்த வீடியோக்களைத்தான் பார்க்கிறார்கள். கையில் இருப்பது நடுவில் ஒரு ஸ்பிரிங் வைத்த டபுள் சஸ்பென்ஷன் சைக்கிள், தூக்கவே ரெண்டு பேர் வேண்டும், அதை வைத்துக்கொண்டு ஒற்றைச் சக்கரத்தில் தெரு முனை வரை போகிறார்கள், நிஜமாகவே சில பேருக்கு பேலன்ஸ் அபாரம். வடசென்னையில் மலை என்று சொல்ல இருந்தது கொடுங்கையூர் குப்பைமலை ஒன்றுதான், அதையும் இப்போது பிரித்து அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் "அண்ணே, இதுல துட்டு வருமா?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும், நல்ல கேள்வி. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டியது நம்ம கடமை.

முதலில் பரிசுப் பணம். கிரிக்கெட்டைப் பார்த்துப் பழகிய நமக்கு உலகக் கோப்பை என்றாலே கோடி என்று நினைப்பு. டவுன்ஹில் உலகக் கோப்பையில் ஒரு சுற்றை ஜெயித்தால் கிடைப்பது சில ஆயிரம் யூரோ. ஆமாம், அவ்வளவுதான். முப்பதாவது இடத்தில் வருகிறவர் (உலகத்திலேயே முப்பதாவது ஆள், யோசித்துப் பாருங்கள்) அந்த வாரம் பெட்ரோலுக்கும் தங்குவதற்கும் போட்ட காசைக்கூட பரிசில் எடுக்க முடியாது. அப்போ எப்படித்தான் வாழ்கிறார்கள்? சைக்கிள் கம்பெனி, டயர் கம்பெனி, ஹெல்மெட் கம்பெனி, எனர்ஜி டிரிங்க் கம்பெனி. இவர்கள் தருகிற சம்பளத்திலும், மேடை ஏறினால் தருகிற போனஸிலும்தான். ஓடுகிற விளம்பரப் பலகைக்கு வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் மேல்தட்டு என்று ஒன்று இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் நினோ ஷுர்ட்டர், கிராஸ் கன்ட்ரியில் (மேடு ஏறி இறங்கி நெடுநேரம் ஓட்டுகிற மலைச் சைக்கிள் பந்தயம்) 10 முறை உலக சாம்பியன், 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம். பிரான்ஸின் லோயிக் ப்ரூனி, டவுன்ஹில்லில் 5 முறை உலக சாம்பியன். பிரிட்டனின் டாம் பிட்காக், டோக்கியோ, பாரிஸ் ரெண்டு ஒலிம்பிக்கிலும் கிராஸ் கன்ட்ரியில் தங்கம், ஆனால் அவருக்குப் பெரிய சம்பளம் வருவது ரோட் சைக்கிளிங் அணியிலிருந்து. இந்த மாதிரி ஆட்களுக்கு மெக்கானிக் உண்டு, மசாஜ் செய்ய ஆள் உண்டு, சமைத்துப் போட ஆள் உண்டு. அதற்குக் கீழே இருப்பவருக்கு ஃப்ரேமும் டயரும் இலவசம், ஆனால் விமான டிக்கெட் சொந்தக் காசு. அதற்கும் கீழே ஒரு பெரிய கூட்டம், பிரைவட்டியர் என்று சொல்வார்கள், எந்த அணியும் இல்லாமல் தனியாக வந்து ஓட்டுகிறவர்கள். காசிமேட்டு மீன்பிடிப் படகுகளில் டீசல், ஐஸ் செலவெல்லாம் கழித்து மிச்சம் இருந்தால்தான் ஆளுக்குப் பங்கு என்கிற கணக்கு உண்டு இல்லையா, இவர்கள் பிழைப்பும் அதேதான், என்ன ஒன்று, இங்கே செலவைப் போடுவதும் வலை இழுப்பதும் ஒரே ஆள்.

இவர்கள் ஒரு வாரம் எப்படிப் போகும் என்பதைச் சொன்னால்தான் புரியும். ஒரு பழைய வேன், பின்னாடி மரப்பலகை அடித்து ஒரு படுக்கை, அதுக்குக் கீழே சைக்கிள். ஒரு நாட்டில் ரேஸ் முடிந்த ராத்திரியே அடுத்த நாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும். போனதும் சைக்கிளை எடுப்பதில்லை, முதலில் நடக்க வேண்டும். மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை பாதையை நடந்தே இறங்கி ஒவ்வொரு வேரையும் கல்லையும் பார்த்து, இதில் இடது பக்கம் போகலாமா, வலது பக்கமா, மழை பெய்தால் எது வழுக்கும் என்று மனப்பாடம் செய்கிறார்கள். அப்புறம் பயிற்சி ஓட்டம், அப்புறம் தகுதிச் சுற்று. அதில் தேறாவிட்டால் வந்த செலவு மொத்தமும் போச்சு, வாரக் கடைசியில் மற்றவர்கள் ஓட்டுவதைக் கயிற்றுக்குப் பின்னால் நின்று பார்க்கலாம். தேறினால் இறுதிச் சுற்று ஒரே ஓட்டம், மூன்றிலிருந்து ஐந்து நிமிஷம். ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியம் மாதிரி இடத்தில் நாலரை நிமிஷத்துக்குப் பக்கம் வரும். அந்த நாலரை நிமிஷத்துக்காக நள்ளிரவு வரை உட்கார்ந்து பிரேக்கில் காற்று எடுப்பது, ஃபோர்க்கைப் பிரித்து ஆயில் மாற்றுவது, நெளிந்த ரிம்மைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவது எல்லாம் அவரேதான். இந்த வேலையெல்லாம் தினமும் செய்கிறவன் நான், எனக்கே மறுநாள் காலையில் கை விரல் மடங்காது. அந்தக் கையோடுதான் அவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு மலையிலிருந்து இறங்குகிறார்.

சீசன் முடிந்ததும் ஓய்வா என்றால் அதுவும் இல்லை. தச்சு வேலை, கட்டட வேலை, சைக்கிள் பார்க்கில் (காசு கட்டி மலைச் சைக்கிள் ஓட்டுகிற இடம்) மண்வெட்டி பிடித்து பாதை போடுகிற வேலை, வார இறுதியில் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குக் கோச்சிங் என்று குளிர்காலம் முழுக்க அடுத்த வருஷத்துக்குக் காசு சேர்க்கிறார்கள். வசதி உள்ளவர்கள் நியூசிலாந்து போய்ப் பயிற்சி எடுப்பார்கள், அங்கே அப்போது வெயில் காலம். ஸ்பான்சர் இருந்தால் இன்னொரு தலைவலி, மாசத்துக்கு இத்தனை வீடியோ, இத்தனை போட்டோ போட வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே வரும். நீங்கள் ஷேர் செய்து உருகுகிற அந்தப் "பிடிச்சதைச் செய்" வீடியோ அநேகமாக அந்த மாசக் கணக்கை நேர் செய்யத்தான் போடப்பட்டிருக்கும்.

என் தொழில்காரர் ஒருத்தரைப் பற்றிச் சொல்லாமல் போனால் மனசு கேட்காது. டேனி மெக்காஸ்கில், ஸ்காட்லாந்தில் ஸ்கை தீவுக்காரர், எடின்பரோவில் ஒரு சைக்கிள் கடையில் மெக்கானிக். 2009 ஏப்ரலில் அவர் நகரத்துக்குள் கம்பி வேலி மேலும் சுவர் மேலும் சைக்கிள் ஓட்டிய வீடியோ ஒன்று வந்து உலகமே பார்த்தது, அதற்கப்புறம்தான் கடை வேலையை விட்டார். அவர் அப்போது ஓட்டியது தடைகள் மேல் பேலன்ஸாக ஏறி ஓட்டுகிற டிரையல்ஸ் வகை, டவுன்ஹில் இல்லை, அது கிடக்கட்டும். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கனவைத் துரத்திய கதையாக இதைப் பரப்புகிறார்கள். நடந்ததைப் பார்த்தால், வீடியோ வெளியாகி உலகம் பார்க்கிற வரைக்கும் ஸ்பேனர் கையில்தான் இருந்தது. வாடகையைக் கட்டிக்கொண்டிருந்தது அந்த ஸ்பேனர்.

அடிபட்டால் என்ன ஆகும் என்பதையும் பேச வேண்டும். தோள்பட்டை எலும்பு உடைவதெல்லாம் இவர்களுக்கு விசேஷமே இல்லை. நான் சொல்வது அதற்கு மேல். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ரெட்புல் ராம்பேஜ் என்று ஒரு போட்டி, 2001-ல் தொடங்கியது, அந்தச் செம்மண் பாறை வீடியோக்களில் பாதி அங்கே எடுத்ததுதான். பால் பாசகோய்டியா என்ற இளைஞர் 2004-ல் இரவல் சைக்கிளில் வந்து அதை ஜெயித்தார். 2015-ல் அதே போட்டியில் விழுந்து முதுகெலும்பு நொறுங்கியது. மருத்துவச் செலவுக்கு ரசிகர்களிடம் நிதி திரட்ட வேண்டியிருந்தது. எத்தனை நிறுவனத்தின் ஸ்டிக்கர் ஒட்டிய போட்டி அது! அந்த வருஷம் ஓட்டுகிறவர்கள் பாதுகாப்பையும் பரிசுப் பணத்தையும் பற்றி வெளிப்படையாகவே முணுமுணுத்தார்கள். பிரிட்டனில் மார்ட்டின் ஆஷ்டன் 2013-ல் ஒரு சாகசக் காட்சியில் விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். ஆள் தைரியசாலி, அதற்கப்புறமும் மாற்றியமைத்த சைக்கிளில் மலை இறங்கினார், கை தட்டலாம், நானும் தட்டினேன். ஆனால் கைதட்டலில் பிசியோதெரபிக்குப் பணம் கட்ட முடியாது.

சரி, அடியே படவில்லை, நன்றாகவும் ஓட்டுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். கம்பெனி படுத்துவிட்டால்? 2020-ல் ஊரடங்கு சமயத்தில் சைக்கிள் கிடைக்காமல் மக்கள் அலைந்தது நினைவிருக்கும், என் கடையிலேயே பரணில் கிடந்த பழைய வண்டியை எல்லாம் ஓவர்ஹால் செய்து வாங்கிக்கொண்டு போனார்கள். கம்பெனிகள் இதே வேகத்தில் காலத்துக்கும் போகும் என்று நினைத்து ஆர்டர் போட்டுத் தள்ளின. அப்புறம் குடோன் குடோனாகத் தேங்கியது. 2024-ல் கோனா சைக்கிள் கம்பெனியை அதை ஆரம்பித்தவர்களே திரும்ப வாங்கிக்கொண்டார்கள், கனடாவின் ராக்கி மவுன்டன் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்பு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனது, எத்தனையோ சாம்பியன்களை ஏற்றிவிட்ட ஜிடி புது சைக்கிள் விடுவதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தது. இப்படி ஒரு அறிவிப்பு வரும்போது முதலில் வெட்டு விழுவது ரேஸ் அணிக்குத்தான். ஓட்டுகிறவர் தன் பக்கம் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டார்.

இன்னொன்று, என்னை மாதிரி ஆட்களுக்கு நேரடியாக வலித்த விஷயம். 2022 வரைக்கும் உலகக் கோப்பை டவுன்ஹில்லை ரெட்புல் டிவியில் இலவசமாகப் பார்க்கலாம், சாயங்காலம் கடையில் ஒரு பக்கம் போன் ஓட, பசங்க நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். 2023-லிருந்து உரிமை வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரிக்குப் போய்க் காசு கட்டிப் பார்க்கிற ஆட்டமாகிவிட்டது. அதற்கென்று ஜிசிஎன் பிளஸ் என்று ஒரு ஆப் இருந்தது, அதையும் அதே வருஷக் கடைசியில் மூடிவிட்டார்கள். பார்க்கிற கண் குறைந்தால் ஸ்டிக்கருக்கு வாடகை குறையும், ஓட்டுகிறவர் பிழைப்பில் கை வைக்கிற விஷயம் இது. புத்திசாலிகள் முன்னாடியே வேறு வழி தேடிக்கொண்டார்கள். ஆதர்டன் குடும்பம், டான், ஜீ, ரேச்சல் மூணு பேரும், வேல்ஸில் 2019-ல் சொந்தமாக சைக்கிள் கம்பெனியே ஆரம்பித்தார்கள், சொந்த சைக்கிள் பார்க்கும் நடத்துகிறார்கள். ரேச்சல் 2016-ல் ஒரு சீசனில் எல்லா சுற்றையும் ஜெயித்தவர், அவருக்கே அது தேவைப்பட்டிருக்கிறது.

இப்போது நம்மைத் திட்டுகிறவர்களுக்கு வருகிறேன். "வெளிநாட்டில் எல்லாம் இப்படியா அரசாங்க வேலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு விளையாடுகிறார்கள்?" ஆமாம், இப்படித்தான். இத்தாலியின் லூக்கா பிரைடோட், 2022-ல் கிராஸ் கன்ட்ரி உலகக் கோப்பைச் சுற்றுகளை வென்றவர், பல வருஷம் ஓட்டியது கராபினியேரி அணிக்கு. கராபினியேரி என்றால் அந்த நாட்டுப் போலீஸ்! அங்கே ராணுவத்துக்கும் போலீஸுக்கும் விளையாட்டுப் பிரிவு உண்டு, ஒலிம்பிக் பதக்கக்காரர்களில் பெரும் பங்கு அங்கே சம்பளம் வாங்குகிறவர்கள். சுவிட்சர்லாந்து ராணுவம் விளையாட்டு வீரர்களுக்கென்றே தனிப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் மலைச் சைக்கிளில் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றையும் அள்ளிய நாடு அது. நம்ம ராணுவத்தின் சர்வீசஸ் அணி, ரயில்வே அணி மாதிரியே ஏற்பாடு. அங்கே செய்தால் திட்டமிடல், பெரம்பூரில் செய்தால் அடிமை புத்தியா?

வடசென்னையில் குத்துச்சண்டையும் ஃபுட்பாலும் கேரமும் தலைமுறை தலைமுறையாக நிற்பதற்குக் காரணம் ஐசிஎஃப், ரயில்வே, போலீஸ், பேங்க் என்று ஒரு கதவு திறந்திருந்ததுதான். புது வண்ணாரப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கினார், அரசு 1 கோடி கொடுத்தது. எல்லாரும் அந்த 1 கோடியை மட்டும் பேசுகிறோம். எந்த வீட்டுக்கும் தைரியம் தருவது ஒன்றாம் தேதி சம்பளம் என்பதை, ஸ்ட்ரைக்கர் பிடித்த மூத்த தலைமுறையிடம் கேட்டுப் பாருங்கள். அந்த வேலைக்குள் போன பிறகு ஃபைல் தூக்க விட்டு ஆட்டத்தையே மறக்கடிப்பதும் நடக்கிறது, இடங்கள் குறைந்துகொண்டே போவதும் உண்மை, அதற்குச் சண்டை போட வேண்டும்தான். வேலையே கேவலம் என்று பேசுவது அந்தச் சண்டைக்கு ஒரு விதத்திலும் உதவாது.

ஆசை உள்ள பசங்களுக்கும் அவர்கள் வீட்டில் இருக்கிற அக்கா, அண்ணன்களுக்கும் கடைக்காரனாக ஒரு யோசனை. குதிக்கிற வீடியோ போதும், கிராஸ் கன்ட்ரி பக்கம் பாருங்கள். 1996 அட்லாண்டாவிலிருந்து ஒலிம்பிக்கில் இருப்பது அது மட்டும்தான், டவுன்ஹில் இல்லை. 2023 அக்டோபரில் நம்ம பக்கத்து கேரளாவில் பொன்முடியில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப்பே நடந்தது, பாரிஸ் ஒலிம்பிக்குத் தகுதிச் சுற்றும் அதுதான், எத்தனை பேருக்குத் தெரியும்? கிராஸ் கன்ட்ரி ரேஸ் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம், அதற்கு முதலில் வேண்டியது மூச்சு. மூச்சை எண்ணூர் ரோட்டில் விடிகாலை டிரெய்லர் லாரி கிளம்புவதற்கு முன்னாலும் வளர்க்கலாம். மலைக்கு அப்பப்போ ஊத்துக்கோட்டை தாண்டி நாகலாபுரம் போனால் போதும். தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, ரயில்வே தனியாக ஆள் எடுக்கிறது. எந்தப் போட்டிச் சான்றிதழ் செல்லும், எது செல்லாது என்பதை ஒவ்வொரு அறிவிப்பிலும் வரி விடாமல் படியுங்கள், எவனோ நடத்துகிற ரேஸில் காசு கட்டி வாங்கிய மெடலை எந்த ஆபீசிலும் மதிக்க மாட்டார்கள்.

"அப்போ நீ கனவு காணாதேன்னு சொல்றியா" என்று எப்படியும் ஒருத்தர் வருவார். சார், தாராளமாகக் காணட்டும். பையனுக்கு ஹெல்மெட் யார் வாங்கித் தருவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள், நல்லதாக ஒன்று என் கடையில் இருக்கிறது, அடக்க விலைக்கே தருகிறேன்.