சுருள் கணக்கு

(நாகர்கோவில் வடசேரியில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. செல்லத்துரை அண்ணாச்சி மேசையில் துணிப்பையைக் கவிழ்க்கிறார்.)

ஜெகன்: அண்ணாச்சி, இது பழைய பிளாப்பி டிஸ்க்கைப் படிக்க கம்ப்யூட்டருக்கு உள்ளே இருக்கும் டிரைவ். எக்ஸ்டர்னல் டிரைவ் என்றல்லவா போனில் சொன்னீர்கள்?

செல்லத்துரை: கழற்றி வெளியே எடுத்தாச்சே மக்கா. அப்புறம் எக்ஸ்டர்னல்தானே!

ஜெகன்: பின்னால் பாருங்கள், 34 முள். இதை மாட்டும் இடமே இப்போது வரும் போர்டில் கிடையாது. சரி, என்னிடம் ஒரு யுஎஸ்பி டிரைவ் கிடக்கிறது. அப்படி என்ன அவசரம்?

செல்லத்துரை: நாளைக்குத் தக்கலையில் கல்யாணம். 2001-இல் என் மகள் கல்யாணத்துக்கு அந்த வீட்டுக்காரர் எவ்வளவு சுருள், அதாவது மொய், வைத்தார் என்று இந்த டிஸ்க்கில்தான் இருக்கிறது. குறைத்து வைத்தால் மானம் போகும், கூட்டி வைத்தால் பணம் போகும்.

ஜெகன்: (டிஸ்க்கின் தகட்டைத் தள்ளிப் பார்த்து) ஐயோ, பூசணம்! கடல் காற்றுக்கு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. போட்டால் டிரைவ் ஹெட் அழுக்காகி, அடுத்த டிஸ்க்கையும் கீறிவிடும்.

செல்லத்துரை: இந்தா, இன்னொரு காப்பி. பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவே இருந்தது.

ஜெகன்: இது சுத்தம். பல யுஎஸ்பி மாட்டும் ஹப்பில் மாட்டினால் கரண்ட் போதாமல் போகலாம், நேராகவே சொருகுகிறேன்.

(கர்... கர்... டக்.)

செல்லத்துரை: உடைத்துவிட்டாயா?

ஜெகன்: அது படிக்கும் சத்தமே அப்படித்தான். ஏ டிரைவ் வந்துவிட்டது. ஆனால் பார்மட் செய்யவா என்று கேட்கிறது.

செல்லத்துரை: மரியாதையாகக் கேட்கிறதே, சரி என்று சொல்லேன்.

ஜெகன்: சொன்னால் உங்கள் கணக்கு அத்தனையும் போய்விடும்! இருங்கள், (டிஸ்க்கை வெளியே எடுத்து) இதன் மூலையில் இருக்கும் இந்தக் கட்டையைத் தள்ளி ஓட்டையைத் திறந்துவிடுகிறேன். இனி இதில் எழுதவும் முடியாது, அழிக்கவும் முடியாது. (மறுபடி போடுகிறார்.) ஆங்... திறந்துவிட்டது!

செல்லத்துரை: என்ன மக்கா, பெயரெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கிறது? இப்படி ஒருத்தரும் என் சொந்தத்தில் இல்லையே.

ஜெகன்: பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்தது. யுனிகோடு இல்லை. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் இப்படித்தான் தெரியும். எண்ணுக்கு மட்டும் சேதமில்லை.

செல்லத்துரை: 501... 101... 51. இந்த 51-தான் அவர். எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

ஜெகன்: அந்த ஃபான்ட் என்னிடம் இருக்கிறது. ஏற்றினால் பெயர் தெரிந்துவிடும்.

செல்லத்துரை: வேண்டாம் மக்கா, உனக்கு எதற்குச் சிரமம்.

ஜெகன்: முடிந்தது. இதோ, தக்கலைக்காரர்... 1001!

செல்லத்துரை: (மெதுவாக) மக்கா, அந்த ஓட்டையை மூடிவிட்டு, பார்மட் செய்யவா என்று இன்னொரு தடவை கேட்கச் சொல்லேன்.