கைது செய்த நேரம்

தெரிந்தவர் ஒருவரின் கைதுக் குறிப்பை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தேன். நேரம் எழுதும் இடத்தில் இருந்த எண்ணின்மேல் வேறொரு எண்ணை அழுத்தி எழுதியிருந்தார்கள். எழுதியவருக்கு அது சின்னத் திருத்தம். உள்ளே இருந்தவருக்கு ஒரு ராத்திரி முழுக்கக் கணக்கிலேயே இல்லாமல் போயிருந்தது. அன்றிலிருந்து உரிமை என்றாலே எனக்குக் கடிகாரம்தான் ஞாபகம் வருகிறது.

அரசியலமைப்பில் எழுதி வைத்துவிட்டால் போதும் என்பவர்கள் சோவியத் ஒன்றியத்தின் 1936 அரசியலமைப்பைப் படிக்கலாம். பேச்சுரிமை, பத்திரிகை உரிமை, கூட்டம் கூடும் உரிமை எல்லாம் 125ஆவது பிரிவில் ஜம்மென்று இருக்கும். அடுத்த இரண்டு வருடம் அங்கே ஸ்டாலின் ஆட்சியில் கைதும் கொலையுமாக என்ன நடந்தது என்பதும் ஊரறிந்த கதை.

அடைத்து வைத்த ஆளை நீதிமன்றத்தின்முன் கொண்டுவரச் சொல்லும் இங்கிலாந்தின் 1679 ஆட்கொணர்வுச் சட்டம் வேறு ரகம். கணக்குப்பிள்ளை உட்கார்ந்து எழுதியதுபோல இருக்கும். எந்த உத்தரவின்பேரில் அடைத்தீர்கள் என்று நகல் கேட்டால் 6 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காத சிறை அதிகாரிக்கு முதல் தடவை 100 பவுண்டு தண்டம். மறுதடவை 200, வேலையும் காலி. சிறை 20 மைலுக்குள் என்றால் 3 நாளில் ஆளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். 100 மைல் வரை 10 நாள். அதற்கும் அப்பால் 20 நாள். நீதிமன்ற விடுமுறையில் வந்த மனுவை மறுக்கும் நீதிபதிக்கே 500 பவுண்டு. அந்தப் பணம் போய்ச் சேருவது கைதியிடம்! கைதியைக் கடல் தாண்டி அனுப்பிவிடவும் தடை. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எவரோ செய்த தில்லாலங்கடி வேலை ஒன்று இருந்திருக்கும்போல.

இன்றைய சர்வதேசச் சட்டத்தில் எனக்கு உறுத்தும் இடமும் இதுதான். 1966 குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின்படி, எந்த நெருக்கடியிலும் சித்திரவதைத் தடையை நிறுத்தி வைக்க முடியாது. சரி. ஆனால் கைதானவரை நீதிபதிமுன் நிறுத்தச் சொல்லும் 9ஆவது பிரிவு, அப்படி நிறுத்த முடியாதவற்றின் பட்டியலில் இல்லை. ஆளைக் கண்ணிலேயே காட்டாவிட்டால், அடித்தார்களா இல்லையா என்று யார் பார்ப்பது? அமெரிக்கக் கண்டங்களுக்கான மனித உரிமை நீதிமன்றம் 1987இல் இதைத்தான் சொன்னது: நெருக்கடியிலும் ஆட்கொணர்வு மனுவை நிறுத்தக் கூடாது, ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளவாவது அது வேண்டும். ஐ.நா. மனித உரிமைக் குழுவும் 2001இல் அந்தப் பக்கமே வந்தது. உடன்படிக்கையில் அப்போதே எழுதியிருக்க வேண்டியது.

நெருக்கடி நிலையின்போது, 1976 ஏப்ரலில், இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு இதே கேள்வி வந்தது. ஒன்பது உயர் நீதிமன்றங்கள் ஆட்கொணர்வு மனுக்களை ஏற்கலாம் என்று சொல்லியிருந்தும், உச்ச நீதிமன்றத்தில் நான்கு நீதிபதிகள் கதவைச் சாத்தினார்கள். அவர்களோடு உடன்படாத நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர்தான். அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி அவருக்கு இளையவருக்குப் போனது. 1978இல் 44ஆவது திருத்தம் வந்து, உயிர்வாழும் உரிமையை இனி எந்த நெருக்கடியிலும் நிறுத்த முடியாது என்று ஆக்கியது. தீர்ப்பு மட்டும் ஏட்டில் அப்படியே கிடந்தது. 2017இல்தான் அதைத் தூக்கிப் போட்டார்கள். 1976இல் கையெழுத்திட்ட நால்வரில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட், தவறு என்று 2017இல் எழுதியவர் அவர் மகன்.