தலையணையைக் குத்தினால் கோபம் தணியுமா?

கோபம் வந்தால் தலையணையை நாலு குத்து குத்திவிட்டால் உள்ளே இருப்பது வெளியேறி மனம் லேசாகிவிடும் என்று பலர் சொல்வதுண்டு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தபோது நடந்தது நேர்மாறு. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் (Brad Bushman) 2002-இல் வெளியிட்ட ஆய்வில், 600 மாணவர்களின் கட்டுரைகளை மட்டம் தட்டிக் கோபமூட்டினார்கள். மட்டம் தட்டிய ஆளையே நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபமும் அதிகம், திருப்பித் தாக்கும் வேகமும் அதிகம். சும்மா உட்கார்ந்திருந்தவர்களிடம் அந்த வேகம் ஆகக் குறைவு. கை குத்தக் குத்த மனசு அதே ஆளை அசைபோடுகிறது, அப்புறம் கோபம் எப்படி இறங்கும்? சந்தேகம் இருந்தால் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் அவர் பெயரை ஆங்கிலத்தில் ஆண்டோடு போட்டுத் தேடுங்கள், ஆய்வுச் சுருக்கத்திலேயே இது இருக்கிறது.